வாத்துகள் எழும்பவில்லை

பேய், ஆவி, குறி சொல்வது, கழிப்புக் கழிப்பது, இவற்றில் எதையும் நான் நம்புகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னை ஒருமாதிரிப் பார்க்கக்கூடாது. இருபது வருடத்துக்கு மேலாகப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளைகள் யாராவது "ரீச்சர், நேற்றுச் சவக்காலைப் பக்கம் ஒரு உருவம்..." என்று தொடங்கினால், எத்தனை மணி, எத்தனை அடி தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டே அந்தக் கதையைக் கொன்றுவிடுவேன். இப்போது ஒருவரும் என்னிடம் அந்த மாதிரிக் கதையோடு வருவதில்லை. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் நான் கோபிக்கமாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

இரவில் நடந்திருந்தால்கூட ஏதோ கண்மயக்கம் என்று விட்டிருக்கலாம். நடந்தது காலை ஏழு மணிக்கு. நன்றாக விடிந்திருந்தது. பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரில் பாதி இன்னும் இருந்தது.

ஒவ்வொரு தை மாதமும் நீர்ப்பறவைகளை எண்ணுகிற வேலை ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் வடக்கே எங்கெங்கோ இருந்து வாத்தும் உள்ளானும் எங்கள் கடலோரக் களப்புகளுக்கு வந்து இறங்கும், அவை திரும்பிப் போவதற்குள் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணி ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். சம்பளமில்லாத வேலை. நான் எட்டு வருடமாகப் போகிறேன். பறவை என்றால் உயிரை விடுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். பாடசாலைச் சுற்றாடல் கழகத்துக்கு ஆள் இல்லையென்று என் தலையில் கட்டிய பொறுப்பு அது. ஒருமுறை போய்ப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. ஏனென்றால் எண்ணிக்கொண்டிருக்கும்போது தலைக்குள் வேறொன்றும் வராது. ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அது போதும்.

என்னோடு சேர்ந்து எண்ணுகிறவர் றிஸ்வான் நானா. தண்ணீரூற்றில் சீமெந்து, ஆணி, குழாய் விற்கிற கடை வைத்திருக்கிறார். தொண்ணூறில் ஊரைவிட்டுப் போக வேண்டி வந்த முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று அவருடையது. புத்தளத்தில் உப்பளக் கரையில் வளர்ந்தவர், பறவை பார்க்கப் பழகியதும் அங்கேதான், பிறகு ஊருக்குத் திரும்பியபோது மனைவி பிள்ளைகளோடு ஒரு பழைய தொலைநோக்கியையும் கொண்டுவந்தார். மூன்று காலில் நிற்கிற பெரிய தொலைநோக்கி, கடையில் ஒருவரையும் அதைத் தொட விடமாட்டார், என்னை மட்டும் விடுவார். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட, ஆனாலும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

நாங்கள் எண்ணுகிற முறையைச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து எண்ணிச் சொல்வார், மற்றவர் குனிந்திருந்து எழுதுவார். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார், வரி மாறிப்போகும். சொல்கிறவர் கண்ணை எடுக்கமாட்டார், கூட்டத்தில் விட்ட இடம் தொலைந்துபோகும். சொன்னதை எழுதுகிறவர் ஒருமுறை திருப்பிச் சொல்வார், காதில் சரியாக விழுந்ததென்று தெரிவதற்காக. ஒருமுறை முடிந்ததும் ஆளை மாற்றி இன்னொரு முறை எண்ணுவோம். படிவத்தின் கடைசியில் 'தொந்தரவு' என்று ஒரு பகுதி உண்டு. நாய், மாடு, வள்ளம், ஆள் என்று பறவைக்கு இடைஞ்சலாகப் பக்கத்தில் எது நின்றாலும் அதையும் எண்ணிச் சொல்ல வேண்டும்.

வழக்கமாக எங்களுக்கு நாயாற்றுப் பக்கம்தான் தருவார்கள். இந்த வருடம் வேறொருவருக்குச் சுகமில்லாமல் போனதால் நந்திக்கடல் களப்பின் மேற்குக் கரையில் ஒரு துண்டு, வற்றாப்பளைக்கு அங்கால், எங்கள் தலையில் விழுந்தது. றிஸ்வான் நானாதான் தொலைபேசியில் இதைச் சொன்னார்.

"வேணாமெண்டா சொல்லுங்கோ ரீச்சர், நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போறன்," என்றார்.

"ஏன் வேணாம்? தண்ணிதானே," என்றேன்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். நீட்டாமல் சொல்கிறேன். பதினாறு வருடத்துக்கு முன், யுத்தத்தின் கடைசி நாட்களில், நாங்கள் அந்தத் தண்ணீருக்குள்ளால்தான் நடந்து வந்தோம். நான், என் கணவர் அன்ரன், மகள் ஷெரின். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அன்ரன் களப்புத் தொழில் செய்தவர், எங்கே ஆழம், எங்கே சேறு என்று தெரியும். மகளைத் தோளில் இருத்தி, அவள் விழுந்துவிடாமல் இரண்டு கணுக்காலையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், நான் அவருடைய சேட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இக்கரைக்கு வந்ததும் பிள்ளையை இறக்கி என்னிடம் தந்தார். மாமி அக்கரையில் இருந்தா, அவாவால் நடக்க முடியாது. "அம்மாவைத் தூக்கிக்கொண்டு வாறன், நீ இதில நில்லு" என்றுவிட்டுத் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கினார். நான் அதில் நின்றேன். பிறகு நிற்க விடவில்லை, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அவ்வளவுதான். முகாமிலும் அலுவலகத்திலும் ஆணைக்குழுவிலும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எங்கே கண்டீர்கள் என்பதுதான். தண்ணீருக்குள் என்று சொல்வேன். எழுதிக்கொள்வார்கள். முதல் இரண்டு மூன்று வருடம் அழுதுகொண்டு சொன்னேன், பிறகு அழாமல் சொன்னேன், பிறகு முகவரி சொல்கிறமாதிரிச் சொல்லப் பழகிவிட்டேன். மனம் கல்லாகிவிட்டது என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். கல்லோ என்னவோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்போது ஷெரினுக்குக் கலியாணம். மாப்பிள்ளை உருத்திரபுரம், நல்ல பிள்ளை. அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்திருந்தோம். அங்கேதான் பிரச்சினை. அழைப்பிதழில் பெண்ணின் தகப்பன் பெயர் போட வேண்டும், இறந்தவர் என்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும், இருக்கிறவர் என்றால் வெறும் பெயர். இடையில் ஒன்று இல்லை. அச்சகத்து வனிதா கெட்டிக்காரி, இரண்டு விதமாகவும் செய்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். ஒன்றில் 'காலஞ்சென்ற அன்ரன்', மற்றதில் 'அன்ரன்'. மற்றதெல்லாம், பூ, கோயில், நேரம், எல்லாம் ஒன்று. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன் எதுவென்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும் என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் வற்புறுத்தவில்லை. சம்பந்தி அம்மா, "நீங்கள் சொல்லுறமாதிரிப் போடுங்கோ" என்றா. ஷெரினிடம் கேட்டேன். அவள் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை என்னட்டக் கேக்காதேங்கோ. நீங்கதான் சொல்லோணும்," என்று போனைத் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நியாயம்தானே. அந்தச் சொல்லைப் போட்டால், அவர் இறந்துவிட்டார் என்று ஊருக்கு முதன்முதலில் எழுத்தில் சொல்கிறவள் நான். ஒரு அலுவலகமும் துணிந்து எழுதாததை நான் நானூறு பிரதி அடித்துக் கொடுக்க வேண்டும். போடாவிட்டால், கலியாண வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் தகப்பன் எங்கே என்று பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை முழுதும் அந்த இரண்டு படத்தையும் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சனிக்கிழமைதான் எண்ணுகிற நாளும்.

ஆறேகாலுக்கு அங்கே போய்விட்டோம். முதல்நாள் மழை பெய்து விட்டிருந்தது, வானம் மூடிக் கிடந்தது, காற்று இல்லை. கிழக்கே பார்த்து எண்ண வேண்டிய இடம், வெயில் ஏறினால் கண் கூசும், அதனால் மப்பாக இருந்தது நல்லதென்று றிஸ்வான் நானா சந்தோசப்பட்டார். நானூறு மீற்றர் தூரத்தில் ஊசிவால் வாத்துகள் பெரிய கூட்டமாகத் தண்ணீரில் கிடந்தன. நாம் பார்க்கிற வாத்துகளில் அதிகம் பயந்தது இதுதான். வேட்டைக்குத் தப்பி வருகிற பறவை, நூற்றைம்பது மீற்றருக்குள் ஆள் வந்தால் முழுக் கூட்டமும் எழும்பிப் போய்விடும். நாங்கள் இருமுவதற்கும் கையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

முதலில் நான் தொலைநோக்கியில், அவர் சின்ன முக்காலியில் இருந்து எழுதினார். இடது ஓரத்தில் தொடங்கினேன். பத்தை எண்ணி, பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறதென்று கண்ணுக்குப் பழக்கி, பிறகு ஐம்பது ஐம்பதாகப் போவது என் முறை.

"ஐம்பது."

"ஐம்பது."

"நூறு."

"நூறு."

முந்நூற்றைம்பது வரை ஒன்றுமில்லை. முந்நூற்றைம்பதுக்கும் நானூறுக்கும் இடையில் வாத்துகளுக்கு நடுவே ஒரு ஆள் நின்றார். இடுப்பளவு தண்ணீரில். சேட்டில்லாத மேல், கறுப்பாக, ஈரமாக.

நான் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. பழக்கதோசம், "ஆள் ஒண்டு" என்றேன்.

"ஆள் ஒண்டு," என்று றிஸ்வான் நானா திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினார், பேனைச் சத்தம் கேட்டது.

"நானூறு," என்றேன்.

"நானூறு."

எண்ணி முடிப்போம் என்று எண்ணிக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு வந்த ஒரே யோசனை, கண்ணை எடுத்தால் கணக்குப் போய்விடும் என்பதுதான். ஆள் நடந்துகொண்டிருந்தார். எங்கள் கரையை நோக்கித்தான், மெதுவாக, தண்ணீருக்குள் காலைத் தூக்காமல் இழுத்து நடக்கிறமாதிரி. களப்பில் தொழில் செய்கிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள், கெளிறு மீனின் முள் குத்தாமல் இருக்க. இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் இருந்தன, மேலே, தோளுக்குச் சற்றுக் கீழே, எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறமாதிரி. கையில் ஒன்றுமில்லை. தோளிலும் ஒன்றுமில்லை. ஆனால் பிடி அப்படியே இருந்தது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவர் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கொள்வார் அல்லவா, பிள்ளையின் வயிறு பிடரியில் முட்டுமே, அதுபோலத் தலையும் சாய்ந்திருந்தது.

முகம் தெரிந்ததா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. நானூறு மீற்றரில் மப்பு வெளிச்சத்தில் அந்தப் பழைய கண்ணாடியில் முகம் தெரியாது, தெரிந்ததென்று பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கையைத்தான் கண்டேன்.

வாத்துகள் எழும்பவில்லை. அவர் பக்கத்தில் வரவர, தண்ணீரில் மிதந்து வருகிற கட்டைக்கு விலகுகிறமாதிரி ஒவ்வொன்றாகக் கொஞ்சம் விலகின, அவர் போனதும் திரும்பக் கூடிக்கொண்டன. ஒன்று சிறகு கோதிக்கொண்டிருந்தது, அவர் ஆறடி தூரத்தில் போகும்போதும் அது கோதுவதை நிறுத்தவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது வாத்து. கடைசி நாற்பதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணை எடுத்தேன்.

வெறுங்கண்ணுக்கு வாத்துக்கூட்டம் ஒரு கறுத்தக் கோடு. ஆள் இல்லை. திரும்பத் தொலைநோக்கியில் பார்த்தேன். வாத்துகள் நின்றன, ஆள் இல்லை. அழுகை வரும் என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், வரவில்லை. வெள்ளிக்கிழமை எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தேன். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நானா, ஒருக்கா இதில பாருங்கோ," என்றேன்.

அவர் எழும்பி வந்து பார்த்தார். இடமிருந்து வலம் ஒருமுறை முழுதாகப் பார்த்தார்.

"நல்ல கூட்டம் ரீச்சர். ஆளெண்டு சொன்னீங்கள், எங்க, காணேல்லயே. வலைக்காரரோ?"

"ஓம், வலைக்காரர் போல. போயிட்டார்."

அவர் தொலைநோக்கியில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "ஆள் நிண்டா வாத்து இருக்குமோ ரீச்சர்? உயிருள்ள மனிசன் கிட்டப் போனா ஊசிவாலன் ஒரு நிமிசம் நிக்காது. உங்களுக்குத் தெரியாததே."

"கண்ணில நிழல் விழுந்திருக்கும்."

"அப்ப வெட்டிவிடவோ?"

"வெட்டாதேங்கோ. இருக்கட்டும்."

அவர் அந்த வரியை அப்படியே விட்டார். ஆனால் அவர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. உயிருள்ள மனிசன். பதினாறு வருடமாக எத்தனை பேரிடம் கேட்டேன், இருக்கிறாரா இல்லையா என்று. எத்தனை வரிசை, எத்தனை படிவம், எத்தனை புகைப்படப் பிரதி. ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது வாத்துகள் சொல்லிவிட்டன. நான் கணிதக்காரி, எனக்கு நிறுவல் வேண்டும். இது நிறுவல்தான் என்று நினைத்தேன். பக்கத்தால் போன ஆளுக்குப் பயப்படவில்லை என்றால் அந்த ஆள் உயிரோடு இல்லை. இதில் வேறு என்ன இருக்கிறது? நான் கண்டது கண்மயக்கமாக இருந்தால், என்று உங்கள் வாயில் வருகிறது. எனக்கும் வந்தது. கண்மயக்கம் என்றால் ஏன் எனக்கு நானே இந்த விடையைக் காட்டிக்கொண்டேன் என்றும் யோசித்தேன். எப்படிப் பார்த்தாலும் ஒரே விடைதான் வந்தது.

நேரம் ஏழரை. இரண்டாம் தரம் எண்ண வேண்டும், இப்போது அவர் பார்க்க நான் எழுத வேண்டும். "நானா, நீங்க தொடங்குங்கோ, எனக்கு ஒரு கோல் எடுக்கவேணும்," என்று படிவத்தை முக்காலியில் வைத்துவிட்டு நாலைந்து அடி தள்ளிப் போய், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வனிதாவைப் போனில் எடுத்தேன். இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கோ ரீச்சர்."

பின்னால் றிஸ்வான் நானா எழுத ஆள் இல்லாமலே எண்ணத் தொடங்கியிருந்தார். ஐம்பது. நூறு. நூற்றைம்பது. பழகிய குரல், சீராக.

"வனிதா, முதலாவதை அடியுங்கோ," என்றேன்.

"முதலாவது எண்டா... காலஞ்சென்ற எண்டு வாறதோ ரீச்சர்?"

"ஓம். அதைத்தான்."

"சரி ரீச்சர். இண்டைக்கே அடிச்சிடுவன்."

முந்நூறு, என்றார் றிஸ்வான் நானா. முந்நூற்றைம்பது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தகரக் கூரையில் பெருமழை ஒரே நேரத்தில் விழுந்தமாதிரி. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறகு ஒரே அடியில் தண்ணீரை உதறி எழும்புகிற சத்தம், எட்டு வருடமாக எனக்கு நன்றாகத் தெரியும். திரும்பினேன். முழுக் கூட்டமும் வானத்தில் இருந்தது. எங்கள் தலைக்கு மேலால் வந்து, வற்றாப்பளைப் பக்கம் திரும்பிப் போனது. வனிதா "ரீச்சர், லைனில இருக்கிறீங்களோ" என்று கேட்பது காதில் விழுந்தது, நான் போனை நிறுத்திவிட்டேன்.

பறவை பார்க்கிறவர் எவராக இருந்தாலும், கூட்டம் எழும்பினால் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்ப்பார். பார்க்காமல் இருக்கவே முடியாது, அது கைப்பழக்கம் போல. றிஸ்வான் நானா நிமிரவில்லை. தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி அப்படியே நின்றார். பறவை ஒன்றுகூட இல்லாத வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. தொலைநோக்கி மிக மெதுவாக, ஒரு ஆளின் நடை வேகத்தில், எங்கள் கரைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. அன்றைக்கு நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

பிறகு அவர் கண்ணை எடுத்தார். மூடியைப் போட்டார். தொலைநோக்கியின் மூன்று காலையும் ஒவ்வொன்றாக மடித்தார்.

"ஏன் எழும்பினது நானா?" என்று கேட்டேன்.

"கழுகெண்டு நினைக்கிறன்."

வானத்தில் கழுகு இல்லை. படிவத்தில் கழுகுக்கு ஒரு வரி இருக்கிறது, அதில் அவர் ஒன்றும் எழுதவில்லை. எழுதுகிற விசயத்தில் அவர் கறார், ஒரு பருந்தைக்கூட விடமாட்டார்.

"ரெண்டாந்தரம் எண்ணி முடியேல்லையே," என்றேன்.

"எண்ணினது காணும் ரீச்சர். வாங்கோ போவம்."

நான் போய்ப் பார்த்திருக்கலாம். தொலைநோக்கியை மடிக்கும் முன் அது என்னிலிருந்து நாலைந்து அடி தூரத்தில்தான் நின்றது. கொஞ்சம் தள்ளுங்கோ நானா என்று சொல்லியிருந்தால் தள்ளியிருப்பார். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வனிதாவிடம் சொல்லியாகிவிட்டதே என்பதுதான் என் பதில். அது ஒரு பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பயம் என்றும் சொல்லமுடியாது. அரைமணி நேரத்துக்கு முன் எனக்கு ஒரு விடை கிடைத்திருந்தது. பதினாறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த விடை. அதை இன்னொருமுறை சரிபார்க்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். மாணவர்களை இதற்கு அடித்திருக்கிறேன்.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தோம். வழக்கமாகத் தண்ணீரூற்றுச் சந்தியில் தேநீர் குடிப்போம், நிற்பாட்டவில்லை. என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "பிள்ளையை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ ரீச்சர்" என்றார். எந்த அர்த்தத்தில் என்று தெரியவில்லை, கலியாண வீடுதானே, எல்லாரும் சொல்வதுதான் என்று விட்டுவிட்டேன்.

அழைப்பிதழ்கள் திங்கட்கிழமை வந்தன. நல்ல மட்டை, எழுத்தும் வடிவாக இருந்தது. ஷெரின் ஒன்றை எடுத்து வாசித்தாள். தகப்பன் பெயரில் வந்ததும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, "சரியம்மா" என்றாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன், குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம். வெளியே வந்து பெயர் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கிழமை றிஸ்வான் நானாவின் கடைக்குப் போனேன், அழைப்பிதழ் கொடுக்க. குடும்பமாக வரவேண்டும் என்று முறையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, எழும்பி நின்று, கடை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில், தகப்பன் பெயருக்கு முன்னால், அவருடைய கண் நின்றது. அங்கேயே நின்றது. பின்னால் ஒரு ஆள் ஆணி கேட்டுக்கொண்டு நின்றார், அவருக்கு அது கேட்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, மிகவும் சின்னக் குரலில் கேட்டார்.

"இது... எல்லாம் அச்சடிச்சு முடிஞ்சுதோ ரீச்சர்?"

"ஓம் நானா. நானூறும்."

அவர் தலையை ஆட்டினார். அழைப்பிதழைத் திரும்ப உறைக்குள் வைத்து, லாச்சியைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

"அப்ப சரி," என்றார்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. அவர் குடும்பத்தோடு வந்திருந்தார், சிரித்துக் கதைத்தார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. முதல் தரம் எழும்பாத வாத்துகள் இரண்டாம் தரம் எழும்பின என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.